இருட்டிவிட்டது என்று சொல்லும் மாத்திரை

இரவு பதினொன்றே முக்காலுக்கு அக்காவிடமிருந்து போன். அவள் பேசும்போது பின்னால் ஃபேன் சுவிட்சைப் போட்டு அணைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டக், டக். அவள் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. ஃபேன் சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்து, மெல்ல நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒரு நிம்மதி. எட்டரைக்கே பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். மூன்றேகால் மணி நேரமாக அவனும் தூங்கவில்லை, வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. தெரபிக்கு வரும் இன்னொரு அம்மா மெலடோனின் என்று ஒரு மாத்திரையைச் சொல்லியிருக்கிறார். "எத்தனை மில்லிகிராம் குடுக்கணும்னு மட்டும் யாரையாவது கேட்டுச் சொல்லுடா" என்றாள்.

அப்போதிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க, மில்லிகிராம் கணக்கு கடைசியாகக் கேட்க வேண்டியது என்று தெளிவானது. எத்தனை மணிக்குக் கொடுக்கிறோம், அந்த நேரத்தில் வீட்டில் என்ன விளக்கு எரிகிறது, பிள்ளை எதனால் விழித்திருக்கிறான் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. ஏன் அப்படி என்று புரிய, இந்தப் பொருள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மெலடோனின் முதலில் தூக்கத்தைத் தேடிப் போனவர்களிடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் தோலின் நிறம் மாறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாடுகளின் மூளையில் உள்ள பினியல் சுரப்பியைச் சேகரித்து, அதிலிருந்து தவளைத் தோலை வெளுக்கச் செய்யும் பொருளை 1958 இல் பிரித்தெடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மெலடோனின். இரவில் அது சுரப்பதும், வெளிச்சம் பட்டால் நிற்பதும் பிறகு தெரியவந்தவை.

நம் மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு செல் கூட்டம் உடல் கடிகாரமாக இருக்கிறது. விழித்திரையில் உள்ள சில செல்கள், முக்கியமாக நீல ஒளியை உணர்பவை, வெளியே பகலா இரவா என்று அதற்குச் சேதி அனுப்புகின்றன. வெளிச்சம் குறைந்ததும் அந்தக் கடிகாரம் பினியல் சுரப்பியை அவிழ்த்துவிடுகிறது. மெலடோனின் ரத்தத்தில் ஏறுகிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே இந்த ஏற்றம் தொடங்கிவிடும். எட்டரைக்குத் தூங்கும் குழந்தைக்கு ஆறரை வாக்கிலேயே உள்ளே இருட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மெலடோனினைத் தூக்க மாத்திரை என்று கடையில் கேட்கிறோம், ஆனால் அதன் வேலை அதுவல்ல. தூக்க மாத்திரைகள் மூளையை அமுக்கித் தூங்க வைக்கின்றன. மெலடோனின், "இருட்டிவிட்டது, இனி தூங்கத் தயாராகலாம்" என்று உடம்புக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. தகவல் என்பதால் அது சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதே வேளையில் வேறு பக்கத்திலிருந்து எதிர்த் தகவல் வந்துகொண்டிருந்தால் அது எடுபடாது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, சில கணக்கெடுப்புகளின்படி 80 சதவீதம் வரை, தூக்கச் சிக்கல் இருக்கிறது. படுத்தும் தூக்கம் வராமல் கிடப்பது, நள்ளிரவில் விழித்து இரண்டு மணி நேரம் விளையாடுவது, நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவது என்று பல வகை. மறுநாள் அந்தப் பிள்ளையால் தெரபியில் உட்கார முடிவதில்லை. தன்னைத் தானே அடித்துக்கொள்வது, கத்துவது, சின்ன விஷயத்துக்கு உடைந்துபோவது எல்லாம் கூடுகின்றன. இதையெல்லாம் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு தூக்கமின்மையின் கணக்கு. அம்மாவின் பொறுமை எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அந்த இரவுகள்தான் தீர்மானிக்கின்றன. இதைச் சாதாரண விஷயமாக யாராவது பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் குழந்தைகளுக்கு மெலடோனின் குறைவாகச் சுரக்கிறதா? பெற்றோர் குழுக்களில் இதை முடிந்த உண்மையாகச் சொல்வார்கள். ஓரளவு ஆதாரம் உண்டு. பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு ரத்தத்தில் மெலடோனின் குறைவாக இருந்தது. சிலரிடம் அதைத் தயாரிக்கும் கடைசிப் படியின் நொதிக்குரிய மரபணுவிலேயே மாற்றம் காணப்பட்டது. ஆனால் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2014 இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், குழந்தைகளின் இயல்பான மெலடோனின் அளவு சரியாகவே இருந்தது. அப்படி இருந்தும் மருந்தாகக் கொடுத்தபோது சீக்கிரம் தூங்கினார்கள். ஆக, "குறைவு இருக்கிறது, அதை நிரப்புகிறோம்" என்ற கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. சிலருக்கு அது குறைவாகச் சுரக்கலாம், சிலருக்குத் தாமதமாகச் சுரக்கலாம், சிலருக்கு உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் பதற்றமோ, சட்டைத் துணியின் உறுத்தலோ, பக்கத்து அறைச் சத்தமோ விழிக்க வைக்கலாம்.

சரி, கொடுத்தால் என்ன நடக்கிறது? இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் நடந்து, 2012 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு சோதனை இருக்கிறது. நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ள, 3 முதல் 15 வயது வரையிலான 146 குழந்தைகள் அதில் இருந்தார்கள். விளக்கணைத்து ஒரு மணி நேரமாகியும் தூங்காதவர்கள், அல்லது இடையில் விழிக்காமல் 6 மணி நேரம்கூடத் தூங்க முடியாதவர்கள். பாதிப் பேருக்கு மெலடோனின், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை, 12 வாரம். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

பெற்றோர் எழுதிய குறிப்பேட்டின்படி, மெலடோனின் பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட 37.5 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். மணிக்கட்டில் கட்டிய அசைவுமானி இதை 45 நிமிடம் என்று காட்டியது. இதைப் பார்த்ததும் மகிழ்ச்சிதான். ஆனால் இரவின் மொத்தத் தூக்கம் எவ்வளவு கூடியது? வெறும் 22 நிமிடம். மீதி எங்கே போயிற்று என்று பார்த்தால், அந்தக் குழந்தைகள் காலையில் ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே எழுந்துவிட்டார்கள். மாத்திரை இரவைப் பெரிதாக நீட்டவில்லை, முன்னால் நகர்த்தியது. கடிகாரத்தைத் திருத்தும் பொருள் கடிகாரத்தைத்தான் திருத்தும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண மெலடோனின் மாத்திரை ரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அதன் அளவு பாதியாகிவிடும். எட்டு மணிக்குக் கொடுத்தது விடியற்காலை நாலு மணிக்குப் பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். நள்ளிரவில் விழிக்கும் பிள்ளைக்கு அதனால் பெரிய உதவி கிடைக்காது.

அதனால்தான் மெல்ல மெல்லக் கரையும் சிறு மாத்திரைகளை உருவாக்கினார்கள். விட்டம் 3 மில்லிமீட்டர். மாத்திரை விழுங்கவே மறுக்கும் குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தது. இதை 2 முதல் 17 வயது வரையிலான 125 பேரிடம் சோதித்து 2017 இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். சிலர் ஸ்மித்-மஜெனிஸ் என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ளவர்கள். அந்தக் கோளாறில் மெலடோனின் பகலில் சுரந்து இரவில் அடங்கிப்போகும். 13 வாரம் முடிந்தபோது மருந்து பெற்றவர்களின் தூக்கம் சராசரியாக 57.5 நிமிடம் கூடியிருந்தது. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களுக்கு 9 நிமிடம். இந்த முறை சீக்கிரம் எழும் பிரச்சினையும் வரவில்லை. 2018 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், தூக்க ஒழுங்கு முறைகள் பலன் தராதபோது மட்டும் என்ற நிபந்தனையோடு, 2 முதல் 18 வயது வரை இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

இதில் ஒரு சிறிய, ஆனால் முக்கியமான விஷயம். மெல்லக் கரையும் மாத்திரையை நசுக்கினால் அதன் வடிவமைப்பே போய்விடும், எல்லா மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நம் வீடுகளில் மாத்திரை என்றால் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்துத் தேனில் குழைப்பது கை வந்த பழக்கம். இந்தச் சிறு மாத்திரைகளை முழுதாகத் தயிரிலோ ஐஸ்கிரீமிலோ போட்டுக் கொடுக்கலாம், ஆனால் பொடிக்கக் கூடாது, மெல்லவும் விடக் கூடாது. வாங்கிவரும் மாத்திரை எந்த வகை என்று மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் 3 மில்லிகிராம் மாத்திரை பெரும்பாலும் சாதாரண வகைதான்.

அந்த இரண்டு சோதனைகளிலும் மருந்து தொடங்குவதற்கு முன் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. முதல் சில வாரம் எந்த மாத்திரையும் கிடையாது. படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்து, அதைச் செய்து பார்க்கச் சொன்னார்கள். பிரிட்டிஷ் சோதனையில் முதலில் பதிவான 263 பேரில் கடைசியில் மாத்திரைக் கட்டத்துக்கு வந்தவர்கள்தான் அந்த 146 பேர். விலகியதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் பழக்கத்தை மாற்றியதிலேயே தூக்கம் தேறிவிட்டதால் மருந்து தேவைப்படாமல் போன பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். இத்தாலியில் 2012 இல் வெளியான ஒரு சோதனையில் மெலடோனின் மட்டும், பழக்கப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்த குழுவே முன்னால் நின்றது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார், அப்புறம் பழக்கம், அதற்கும் அசையாவிட்டால் மெலடோனின், 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, 10 மில்லிகிராமைத் தாண்டாமல், படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு.

பழக்கம் என்று பொதுவாகச் சொன்னால் அறிவுரை மாதிரி ஆகிவிடுகிறது. அக்கா வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஹால், ஒரு அறை. எல்லோரும் படுப்பது ஹாலில். ஒன்பது மணி சீரியல் முடியாமல் மாமியார் டிவியை அணைக்க மாட்டார். மாமா கடை சாத்திவிட்டு வர ஒன்பதரை, அதற்கப்புறம் சாப்பாடு. அதுவரை தலைக்கு மேல் வெள்ளை எல்இடி ட்யூப் லைட். அமெரிக்காவின் கொலராடோவில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். மெலடோனின் 88 சதவீதம் குறைந்துபோனது. விளக்கை அணைத்த பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது மீளவில்லை. அது நம் ஹால் விளக்கைவிடப் பிரகாசமான விளக்குதான், ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் சிறு பிள்ளையின் கண் பெரியவர் கண்ணைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது. ட்யூப் லைட்டுக்கு அடியில் உட்கார வைத்து மெலடோனின் கொடுப்பது, "இருட்டிவிட்டது" என்று ஒரு காதிலும் "இன்னும் பகல்தான்" என்று மறு காதிலும் சொல்வதுபோல.

ஒரு வாரம் மட்டும் நோட்டில் எழுதிவை என்று அக்காவிடம் சொன்னேன். எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது தூங்கினான், எப்போது விழித்தான், பகலில் எங்கே கண் அசந்தான். பள்ளி நோட்டில் கோடு போட்டு ஏழு நாள் எழுதினாள். மூன்றாவது நாளே ஒன்று வெளிப்பட்டது. தெரபி முடிந்து வரும் வேனில் நாலேமுக்காலிலிருந்து ஆறு வரை தினமும் தூங்கியிருக்கிறான். பாவம், களைத்துப்போய் வருகிறான் என்று யாரும் எழுப்பியதில்லை. எழுதாமல் இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆறு மணிக்கு எழுந்த பிள்ளையை எட்டரைக்குத் தூங்கச் சொன்னால் எப்படித் தூங்குவான்?

குழந்தை மருத்துவர் அந்த நோட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, மலச்சிக்கல் இருக்கிறதா, குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் காலை உதைக்கிறானா, கை கால் வெட்டி இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தக் கேள்விகளுக்கு ஆழமான காரணம் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்கு வயிறு வலித்தால், பல் வலித்தால், தோல் அரித்தால் அதைச் சொல்லத் தெரியாது. விழித்திருப்பதுதான் அவன் சொல்லும் முறை. ஆட்டிசத்தோடு வலிப்பு நோய் சேர்ந்து வருவதும் அபூர்வமில்லை, சில வேளை அது இரவில்தான் தலைகாட்டும். உணவில் தேர்வு அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து இறங்கிவிடும், இறங்கினால் கால்கள் ஓய்வில்லாமல் அசையும். டொராண்டோவில் நடந்து 2007 இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், இரும்புச்சத்து கொடுத்ததும் ஆட்டிசக் குழந்தைகளின் அமைதியற்ற தூக்கம் தேறியது. தயிர்ச்சாதமும் ஒரே கம்பெனி பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைக்கு ஃபெரிட்டின் என்ற, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பார்ப்பது வீண் செலவல்ல. இவற்றில் எதுவும் மெலடோனினால் சரியாகாது.

மெலடோனின் முதலில் வேலை செய்து, சில வாரத்தில் நின்றுபோவதும் நடக்கிறது. அப்போது எல்லோரும் செய்வது அளவைக் கூட்டுவது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010 இல் இதைப் பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் மில்லிகிராம் கேள்வி எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்று புரிந்தது. சிலருடைய கல்லீரல் மெலடோனினை மிக மெதுவாகவே உடைக்கிறது. முந்தைய இரவில் கொடுத்தது மறுநாள் நண்பகலிலும் ரத்தத்தில் நிற்கிறது. நாளாக ஆக அது தேங்கி, இரவும் பகலும் ஒரே அளவாகிவிடுகிறது. எப்போதும் இருட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் உடம்பு எதை இரவு என்று எடுத்துக்கொள்ளும்? அந்த ஆய்வில் மருந்தை மூன்று வாரம் நிறுத்தி, பிறகு முன்பைவிட மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். பலன் திரும்பியது. கூட்டியபோது கிடைக்காதது குறைத்தபோது கிடைத்தது. ஃப்ளுவாக்ஸமின் போன்ற சில மனநல மருந்துகளும் மெலடோனின் உடைவதைத் தடுக்கும். பிள்ளை ஏற்கெனவே சாப்பிடும் மருந்து ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியது இதற்காகத்தான்.

எதை வாங்குகிறோம் என்பதும் கவலைக்குரியது. பிரிட்டனில் இது மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அமெரிக்காவில் ஊட்டச்சத்துப் பொருளாகச் சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறது, மருந்துக்குரிய சோதனை இல்லை. அங்கே 25 வகை மெலடோனின் கம்மிகளை, அதாவது மென்று தின்னும் ஜெல்லி மிட்டாய் போன்றவற்றை, சோதித்து 2023 இல் வெளியிட்ட முடிவில், 22 இல் லேபிளில் இருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மூன்றரை மடங்கு. இன்னொன்றில் மெலடோனினே இல்லை. கனடாவில் 2017 இல் வெளியான ஆய்வில் சோதித்த 31 பொருள்களில் 8 இல், லேபிளில் சொல்லாத செரடோனின் என்ற வேறொரு வேதிப்பொருள் இருந்தது. அப்புறம், கம்மி என்றால் பிள்ளைக்கு அது மிட்டாய். குழந்தைகள், பெரும்பாலும் தவறுதலாக, மெலடோனின் விழுங்கியதாக அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்கு 2012 இல் வந்த அழைப்புகள் 8,337. 2021 இல் 52,563. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. இணையத்தில் பழச்சுவை கம்மிகளாக இங்கேயும் இப்போது கிடைக்கிறது. அலமாரியின் மேல்தட்டு போதாது, பூட்டி வைக்க வேண்டும். எங்கள் பையன் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறவன்.

பக்க விளைவு பற்றிக் கேட்பார்கள். காலையில் மந்தம், பகல் தூக்கம், தலைவலி, சிலருக்கு எரிச்சல். பெரும்பாலும் லேசானவை, அளவைக் குறைத்தால் போய்விடும். பெற்றோரை உண்மையில் பயமுறுத்துவது வேறு. இது ஹார்மோன் ஆயிற்றே, பருவமடைவதைப் பாதிக்குமா? மிருகங்களில் இனப்பெருக்கக் காலத்தோடு மெலடோனினுக்குத் தொடர்பு உண்டு என்பதால் இந்தப் பயம் நியாயமானதுதான். அந்த மெல்லக் கரையும் மாத்திரையை எடுத்த 80 பேரை 2 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2021 இல் எழுதினார்கள். உயரம், எடை, பருவ வளர்ச்சி எதிலும் பாதிப்பு தெரியவில்லை. ஆறுதலான செய்தி. ஆனால் 80 பேர், 2 ஆண்டு, அவ்வளவுதான். ஐந்து வயதில் தொடங்கிப் பதினைந்து வரை தினமும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பதிலாகாது. ஆகவே சில மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் பேசி, நிறுத்திப் பார்த்து, இன்னும் தேவையா என்று தெரிந்துகொள்வதே முறை. நிறுத்தினால் ஏங்கித் தவிக்க வைக்கும் மருந்தல்ல இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெலடோனின் ஆட்டிசத்துக்கான மருந்து என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். பேச்சு வருவதற்கோ, முகம் பார்த்துப் பழகுவதற்கோ அது கொடுக்கப்படுவதில்லை. நன்றாகத் தூங்கிய பிள்ளை பகலில் கொஞ்சம் அமைதியாக இருப்பான், பெற்றோருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். 2017 சோதனையின் தொடர்ச்சியாக வந்த கட்டுரைகளிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அக்கா வீட்டில் முதலில் மாறியது வேன் தூக்கம். கூடப் போகும் ஆயாவிடம் சொல்லி, அவன் கையில் அவனுக்குப் பிடித்த பாட்டில் மூடிகளைக் கொடுத்து விழித்திருக்க வைத்தார்கள். ஹாலில் ஏழரைக்கு மேல் ட்யூப் லைட் கிடையாது, ஒரு மஞ்சள் பல்பு. டிவி அந்த ஒரே அறைக்குள் போனது. மாமியார் முணுமுணுக்கவில்லை, அவரும்தானே இரவெல்லாம் விழித்திருந்தார். குளியல், தயிர்ச்சாதம், பல் தேய்த்தல், ஃபேனை ஐந்து முறை போட்டு அணைத்தல், படுக்கை. அதே வரிசை, தினமும், படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஃபேனை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கென்று ஒரு இடம் கொடுத்துவிட்டாள். தூக்கம் பதினொன்றேமுக்காலிலிருந்து பத்தேகாலுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் மருத்துவர் 1 மில்லிகிராம் எழுதினார், இரவு எட்டு மணிக்கு. இப்போது ஒன்பதேகால் வாக்கில் தூங்கிவிடுகிறான்.

மார்கழியில் மட்டும் விடியற்காலை ஒலிபெருக்கி சத்தத்துக்கு நாலரைக்கே எழுந்துவிடுவான் என்கிறாள். அதற்கு மாத்திரையில் வழியில்லை. அவனையும் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் கோலம் போட உட்கார்ந்துவிடுகிறாள். புள்ளிகளை அவன் வைக்கிறான், ஒரு வரிசைகூடக் கோணுவதில்லை.